தாதிமை மாணவர்களின் தொழில்திறன் சுயமதிப்பீட்டு அளவுகோலைத் தமிழாக்கிச் சரிபார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர் தம் தொழில்திறனைத் தாமே மதிப்பிட்டு எண் குறிக்கும் கேள்விப் படிவத்தைத்தான் இங்கே அளவுகோல் என்கிறோம். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு கூற்று. வேறொரு மொழியில் உருவான அளவுகோலைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, சொற்களை மாற்றுவது. மற்றது, தமிழில் படிக்கும் மாணவரிடமும் அது அதே பொருளைத்தான் அளக்கிறது என்று காட்டுவது. முதல் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். இரண்டாவதுக்கு ஓர் ஆண்டுகூட ஆகலாம். சிங்கப்பூரிலிருந்து இந்த வேலையில் இறங்கும் விரிவுரையாளர்களும் ஆய்வு மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டாக வரும் கூற்றுகள் எல்லாம் விளக்கத்துக்காக நாங்களே எழுதியவை. எந்த அளவுகோலிலிருந்தும் எடுத்தவை அல்ல.

சிங்கப்பூரில் தாதிமைப் படிப்பு ஆங்கிலத்தில்தானே நடக்கிறது? தமிழ் வடிவம் எதற்கு?

நியாயமான கேள்வி. வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியதும் இதுதான். பலதுறைத் தொழிற்கல்லூரியானாலும் தொழில்நுட்பக் கல்விக் கழகமானாலும் பல்கலைக்கழகமானாலும் பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 5 வயதும் அதற்கு மேலும் உள்ள வசிப்போரில் சுமார் 2.5 விழுக்காட்டினர். உங்கள் வகுப்பு மாணவர்கள் தங்கள் திறனை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் ஆங்கில வடிவமே போதும்.

தமிழ்நாட்டிலோ மலேசியாவிலோ உள்ள கல்லூரியோடு சேர்ந்து ஆய்வு நடத்தினால் தமிழ் வடிவம் தேவைப்படும். தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டு இங்கே தாதிமை படிக்க வந்தவர்கள் ஆங்கிலக் கூற்றுகளை எந்தப் பொருளில் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற ஐயம் எழுந்தாலும் தேவைப்படும். தன்னைத்தானே எடைபோடும்போது மனம் எந்த மொழியில் பேசுகிறதோ அந்த மொழியில் கேட்டால் பதில் வேறாக வருமா என்பதே சிலருக்கு ஆய்வுக் கேள்வி. அதுவும் நல்ல காரணம்தான்.

எந்த அளவுகோலைத் தேர்ந்தெடுக்கலாம்?

இந்தத் துறையில் பெரிதும் பயன்படுபவை இரண்டு. பின்லாந்தில் உருவாகி 2004-இல் வெளியான நர்ஸ் காம்பிடென்ஸ் ஸ்கேலில் 73 கூற்றுகள், 7 பிரிவுகள். புதியவராக நுழைபவர் படிப்படியாக வல்லுநராகிறார் என்ற தாதிமை அறிஞர் பெட்ரிசியா பென்னரின் கருத்து அதன் அடித்தளம். சுவீடனின் நர்ஸ் புரொஃபெஷனல் காம்பிடென்ஸ் ஸ்கேல் 2014-இல் வந்தது. அதில் 88 கூற்றுகள், 8 பகுதிகள். அதன் சுருக்க வடிவம் 2018-இல் வெளியானது. அதில் 35 கூற்றுகள், 6 பகுதிகள்.

மாணவர்களிடம் பயன்படுத்துவதென்றால் 35 கூற்று வடிவத்தையே பரிந்துரைக்கிறோம். போஸ்டிங் (மருத்துவமனை வார்டில் பயிற்சி) முடிந்து களைத்து வருபவரிடம் 88 கூற்றுகளைக் கொடுத்தால் ஐம்பதாவது கூற்றுக்குப் பிறகு விரல்தான் பதில் சொல்லும். வார்டு நிர்வாகம், புதிய ஊழியரைப் பயிற்றுவித்தல் போன்றவற்றைக் கேட்கும் கூற்றுகளும் கவனத்துக்குரியவை. வேலையில் இருக்கும் தாதிக்கு அவை பொருந்தும். மாணவருக்கோ அந்த வாய்ப்பே கிடைத்திருக்காது. வாய்ப்பு இல்லாததும் திறன் இல்லாததும் ஒன்றல்ல.

தேர்ந்தெடுத்த அளவுகோலைச் சிங்கப்பூர் நர்சிங் போர்டு வெளியிட்டுள்ள, பதிவுபெற்ற தாதிக்கான அடிப்படைத் திறன்களின் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே இருந்து அளவுகோலில் இல்லாதவை எவை, அளவுகோலில் இருந்து அங்கே இல்லாதவை எவை என்று குறித்துவையுங்கள். இந்த அட்டவணை பின்னால் நிபுணர் குழுவுக்கு உதவும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டும், எழுத்து வடிவில். மொழிபெயர்க்க, கூற்றுகளை மாற்ற, தமிழ் வடிவத்தைப் பிற்சேர்க்கையாக வெளியிட என மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவதுக்கு இசைந்தவர் மூன்றாவதுக்கு இசையாமல் போகலாம். வேறு யாராவது ஏற்கெனவே தமிழாக்கத்துக்கு அனுமதி பெற்றிருக்கிறார்களா என்றும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மொழிபெயர்ப்பின் படிகள் என்னென்ன?

இருவர் தனித்தனியாகத் தமிழாக்குவார்கள். ஒருவர் தாதிமை தெரிந்தவர், மற்றவர் அத்துறை தெரியாத, நல்ல தமிழ் எழுதுபவர். இரண்டையும் அருகருகே வைத்து ஒரே வடிவமாக்குவது அடுத்த படி. மூலத்தைப் பார்த்திராத வேறு இருவர் அந்தத் தமிழை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார்கள். இதுதான் பின்மொழிபெயர்ப்பு. பிறகு மொழிபெயர்ப்பாளர்கள், தாதிமை ஆசிரியர்கள், அளவியல் தெரிந்தவர் என எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து கூற்றுக்குக் கூற்று முடிவெடுப்பார்கள். அதன்பின் மாணவர்களிடம் முன்சோதனை. வழக்கமாக 30 முதல் 40 பேர்.

ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தீர்கள் என்று அன்றே எழுதிவையுங்கள். ‘கூற்று 14: இந்தச் சொல்லை விட்டு அந்தச் சொல்லை எடுத்தோம், காரணம் இது’ என்று ஒரு வரி போதும். ஆறு மாதம் கழித்துக் காரணிப் பகுப்பாய்வில் (எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே காரணியாகின்றன என்று காட்டும் கணக்கில்) கூற்று 14 தடம் புரளும்போது அந்த ஒரு வரி கைகொடுக்கும்.

‘தாதி’ என்று எழுதுவதா, ‘செவிலியர்’ என்று எழுதுவதா?

யார் நிரப்பப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை மூன்றிலும் தாதி, தாதியர் இயல்பான சொற்கள். தமிழ்நாட்டில் செவிலியர்தான் வழக்கு. அங்கே ‘தாதி’ என்றால் பணிப்பெண், வளர்ப்புத்தாய் என்ற பழைய நிழல் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. படிப்பவர் முகம் சுளித்தால் அந்தக் கூற்றின் மதிப்பெண்ணிலும் அது தெரியும். இரு நாட்டிலும் தரவு திரட்டினால் இந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிய இரு பிரதிகள் வைத்துக்கொண்டு, அப்படிச் செய்ததை அறிக்கையில் சொல்லிவிடுங்கள். மற்ற சொற்கள் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

மூலத்தில் உள்ள ‘காம்பிடென்ஸ்’ என்பதற்கு எந்தச் சொல் சரி?

முழுதாகப் பொருந்தும் ஒற்றைச் சொல் தமிழில் இல்லை. ‘தகுதி’ என்றால் சான்றிதழும் சேர்க்கைக்கான வரம்பும் நினைவுக்கு வருகின்றன. ‘திறமை’ பிறவியிலேயே வாய்த்தது என்ற தொனி தருகிறது. ‘தேர்ச்சி’ சிங்கப்பூர் மாணவருக்குத் தேர்வில் வெற்றி பெறுவதுதான். ‘ஆற்றல்’ பொதுவானது. மிஞ்சுவது ‘திறன்’. கைவேலைத் திறன் மட்டும் என்ற குறுகிய பொருளும் அதற்கு உண்டு என்பதால், அறிவு, கைத்திறன், மனப்பாங்கு மூன்றும் சேர்ந்ததே இங்கே திறன் என்று முகப்புக் குறிப்பில் ஒரு வரி சேர்த்து, ‘தொழில்திறன்’ என்று எழுதலாம். தலைப்பில் ஒரு சொல், கூற்றுகளில் வேறு சொல் என்று கலக்க வேண்டாம்.

கூற்றுகளை ‘என்னால் முடியும்’ என்று முடிப்பதா, ‘செய்யத் தெரியும்’ என்று முடிப்பதா, ‘செய்கிறேன்’ என்று முடிப்பதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மூன்றும் மூன்று வேறு பொருள்களை அளக்கின்றன.

‘சிறுநீர்க் குழாய் பொருத்தத் தெரியும்’ என்பது அறிவு. செய்முறைக் கூடத்தில் பொம்மை மேல் ஒருமுறை செய்தவரும் ஆம் என்பார். ‘என்னால் பொருத்த முடியும்’ என்பது தன்னம்பிக்கையும் சூழ்நிலையும் கலந்தது. வார்டில் மாணவருக்கு அனுமதி இல்லை என்றால், தெரிந்தவரும் ‘என்னால் முடியாது’ என்று குறிப்பார், ஏனெனில் தமிழில் ‘முடியாது’ என்பது தடையையும் குறிக்கும், இயலாமையையும் குறிக்கும். ‘பொருத்துகிறேன்’ என்பதோ பழக்கம். எத்தனை முறை வாய்ப்புக் கிடைத்தது என்பதைத்தான் அது கேட்கிறது.

ஒரே தமிழ் வடிவத்துக்குள் மூன்று முடிவுகளும் கலந்து கிடப்பது அடிக்கடி நடக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஓசைக்காக மாற்றி மாற்றி எழுதியிருப்பார். பிறகு காரணிப் பகுப்பாய்வில் ‘தெரியும்’ என்று முடியும் கூற்றுகள் எல்லாம் ஒரு காரணியாகச் சேர்ந்துகொள்ளும். அதற்கு ‘அறிவுசார் திறன்’ என்று பெயரும் சூட்டிவிடுவார்கள். அது திறனின் கூறே அல்ல, வினைமுற்றின் விளைவு.

மூல அளவுகோலின் வழிகாட்டி வரி எதைக் கேட்கிறது என்று பாருங்கள். ‘உங்கள் திறன் எந்த அளவு இருக்கிறது’ என்று கேட்டால், கூற்றுகளைத் தொழிற்பெயராக முடிப்பது பாதுகாப்பானது: ‘சிறுநீர்க் குழாய் பொருத்துதல்’, ‘நோயாளியின் வலியைக் கணித்தல்’. கேள்வியின் பாரம் முழுவதும் மேலே உள்ள ஒரே வரியில் நிற்கும், எல்லாக் கூற்றுக்கும் சமமாக.

பின்மொழிபெயர்ப்பு மூலத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. இதைவிட என்ன வேண்டும்?

அச்சாகப் பொருந்தும் இடத்தில்தான் ஐயப்பட வேண்டும். மருந்து கொடுத்தலைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரை யாராவது ‘மருந்து நிர்வாகம்’ என்று தமிழாக்கியிருந்தால், பின்மொழிபெயர்ப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு அதே ஆங்கிலத் தொடரைத் திருப்பித் தருவார். குழு மகிழும். தமிழ் மாணவரோ அதை மருந்துக் கையிருப்பைக் கவனிக்கும் அலுவலக வேலை என்று படிப்பார். ஆய்வு ஆதாரங்களைக் கொண்டு பராமரிப்பு அளிப்பதைச் ‘சான்று அடிப்படையிலான பராமரிப்பு’ என்று எழுதினால், சான்று என்பது சான்றிதழ் என்று எண்ணுபவர் ‘சான்றிதழ் பெற்ற தாதி தரும் பராமரிப்பு’ என்று பொருள்கொள்வார். ‘விமர்சனச் சிந்தனை’ பலருக்குக் குறை கண்டுபிடிப்பதுதான். இவை எல்லாமே பின்மொழிபெயர்ப்பில் பழுதின்றி வந்துவிடும்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பின்மொழிபெயர்ப்பு அழகாக வரும், தமிழ் கெட்டுப்போகும். ‘ஆய்வுகள் நல்லதென்று காட்டிய முறைகளைப் பராமரிப்பில் பயன்படுத்துதல்’ என்று இயல்பாக எழுதினால் பின்மொழிபெயர்ப்பு சற்று விலகித்தான் வரும். அந்த விலகலை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று சிங்கப்பூருக்கே உரியது. இங்குள்ள மாணவர்கள் இருமொழியாளர்கள். மோசமான தமிழுக்கு அடியில் எந்த ஆங்கிலச் சொல் ஒளிந்திருக்கிறது என்று ஊகித்துவிடுவார்கள். ‘மருந்து நிர்வாகம்’ அவர்களுக்குப் புரிந்துவிடும்! ஆகவே அவர்களிடம் மட்டும் சோதித்தால் தவறு வெளியே தெரியாது. தமிழில் படித்து வளர்ந்தவர்கள், ஆங்கிலத்தில் தடுமாறுபவர்கள் சிலரையாவது முன்சோதனையில் கட்டாயம் சேருங்கள்.

‘டிரெஸ்ஸிங்’, ‘வைட்டல் சைன்ஸ்’ போன்றவற்றைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதலாமா?

எழுதலாம். வார்டில் யாரும் ‘உயிர்நிலைக் குறிகள்’ என்று சொல்வதில்லை. புழக்கத்தில் உள்ளதே தெளிவு.

பதில்களுக்கு ஏழு புள்ளிகள் இருக்கின்றன. ஏழுக்கும் தமிழ்ப் பெயர் வைக்க முடியுமா?

முயன்று பார்க்கலாம், ஆனால் சறுக்கும். ‘ஓரளவு’, ‘சற்று’, ‘மிதமாக’, ‘கணிசமாக’ ஆகியவற்றில் எது கூட, எது குறைவு என்று பத்துப் பேரிடம் கேளுங்கள். சொற்களைச் சீட்டுகளில் எழுதி, குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கச் சொல்லுங்கள். வரிசை ஆளுக்கு ஆள் மாறினால் அந்தப் பெயர்கள் உதவாது. மூல அளவுகோல் இடம் தந்தால் இரு முனைகளுக்கு மட்டும் பெயர் வைத்து (‘மிகக் குறைந்த அளவு’, ‘மிக அதிக அளவு’) நடுவில் எண்களை விடுங்கள்.

இணையப் படிவத்தைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஏழு கட்டம் கொண்ட அட்டவணையில் வலப்பக்கம் இரண்டு கட்டங்கள் திரைக்கு வெளியே போய்விட்டால் யாரும் 6, 7 என்று குறிக்கமாட்டார்கள். கூற்றுக்கு ஒரு திரை என்று பிரித்துவிடுவது நல்லது.

எதிர்மறைக் கூற்றுகளைச் சேர்க்கலாமா?

மூலத்தில் இல்லையென்றால் சேர்க்காதீர்கள். ‘பதிவேட்டை நேரத்தில் முடிக்க இயல்வதில்லை’ என்ற கூற்றுக்கு ‘இல்லை’ என்று பதில் சொல்பவர் மறுக்கிறாரா, ஆமோதிக்கிறாரா? தமிழில் இரண்டும் வழக்கு.

நிபுணர்களின் உடன்பாட்டை எப்படிக் கணக்கிடுவது?

ஒவ்வொரு நிபுணரும் ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 4 வரை பொருத்தம் தருவார். 3 அல்லது 4 தந்தவர்களின் எண்ணிக்கையை மொத்த நிபுணர்களால் வகுத்தால் கூற்றின் உள்ளடக்க ஏற்புடைமைக் குறியீடு கிடைக்கும். ஐவர் அல்லது அதற்குக் குறைவானவர் என்றால் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும், அதாவது 1.00. ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 0.78 போதும். எட்டு நிபுணர்களில் ஏழு பேர் ஏற்றால் 0.875, கூற்று தேறும். ஆறு பேர் மட்டும் என்றால் 0.75, தேறாது. எல்லாக் கூற்றுகளின் சராசரி 0.90-ஐ எட்ட வேண்டும்.

வழக்கமாக வரும் பிழை, நிபுணர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் பேராசிரியர்களாக இருப்பது. அவர்கள் கருத்தின் பொருத்தத்தை மதிப்பிடுவார்கள், தமிழின் தெளிவை அல்ல. தெளிவுக்குத் தனிப் பத்தி கொடுத்து, வார்டில் மாணவர்களோடு நிற்கும் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் இருவரையாவது குழுவில் சேருங்கள்.

மாணவர் நேர்காணலை எப்படி நடத்துவது?

‘புரிஞ்சுதா?’ என்று கேட்கவே வேண்டாம். தலையாட்டுவார்கள். படிவம் எழுத்துத் தமிழில் இருந்தாலும் உரையாடல் பேச்சுத் தமிழில் நடக்கட்டும். ‘இதையே உங்க வார்த்தையில சொல்லுங்க’, ‘இதைப் படிச்சப்போ எந்த வார்டு, எந்த நோயாளி ஞாபகம் வந்தாங்க?’, ‘ஏன் 5 போட்டீங்க, 4 போடாம?’ இந்த மூன்று கேள்விகளே பெரும்பாலான சிக்கல்களைப் பிடித்துவிடும். ஒரு கூற்றைக் குறைந்தது ஏழு பேரிடம் கேளுங்கள். ஐந்தாறு பேர் முடிந்ததும் நிறுத்தி, திருத்தி, திருத்தியதை அடுத்த ஐந்தாறு பேரிடம் கொண்டுபோங்கள். முப்பது பேரையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டுக் கடைசியில் திருத்தினால், திருத்திய வடிவத்தைச் சோதிக்க ஆள் இருக்காது.

‘நன்றாகவே செய்வேன்’ என்று தானே குறிப்பது தற்பெருமை என்று கூசி நடுப்புள்ளிக்கு வருபவர்களும் உண்டு. நேர்காணலில்தான் அது தெரியவரும். பதில்கள் பெயரில்லாதவை என்பதை முகப்புக் குறிப்பில் அழுத்திச் சொன்னால் கொஞ்சம் குறையும். நேர்காணல் எடுப்பவர் அவர்களுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியராக இருக்கக் கூடாது.

எத்தனை பேர் தேவை? சிங்கப்பூரில் கிடைப்பார்களா?

காரணிப் பகுப்பாய்வுக்குக் கூற்று ஒன்றுக்கு 7 பேர், மொத்தம் 100-க்குக் குறையாமல் என்பது, அளவுகோல் ஆய்வுகளின் தரத்தை எடைபோடும் காஸ்மின் வழிகாட்டியின் மிக உயர்ந்த தரநிலை. 35 கூற்றுக்கு 35 × 7 = 245. பாதியில் விட்டவை, பாழானவை 15 விழுக்காடு என்று வைத்தால் 245 ÷ 0.85, அதாவது 289 பேரை அணுக வேண்டும். 88 கூற்று வடிவத்துக்கு 616 பேர், கழிவு சேராமலே.

தமிழில் நிரப்பக்கூடிய தாதிமை மாணவர்கள் 289 பேரைச் சிங்கப்பூரிலேயே திரட்டுவது மிகக் கடினம். நேர்மையான வழி இரண்டு. மொழிபெயர்ப்பு, நிபுணர் குழு, நேர்காணல் வரை மட்டும் இங்கே செய்து, அது மொழி ஏற்புடைமை ஆய்வு மட்டுமே என்று தெளிவாகச் சொல்லி வெளியிடலாம். அல்லது தமிழ்நாட்டுக் கல்லூரியோடு கைகோத்து எண்ணிக்கையை அங்கே திரட்டலாம். 60 பேரிடம் தரவு வாங்கி ஆறு காரணிகளை நிறுவினோம் என்று எழுதுவது மட்டும் வேண்டாம்.

நெறிமுறை அனுமதியில் எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் சொந்த மாணவர்களிடம் நீங்களே படிவத்தைக் கொடுத்தால் அவர்கள் மறுக்க முடியாத நிலையில் இருப்பார்கள். பாடம் நடத்தாத ஒருவர் அழைக்கட்டும். 21 வயது நிறையாதவர்கள் வகுப்பில் நிறையப் பேர் இருப்பார்கள். பெற்றோர் ஒப்புதல் தேவையா என்று நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பத்திலேயே கேளுங்கள்.

அடையாள அட்டை எண் கேட்கவே கூடாது. 2012 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்த எண்ணைத் திரட்டுவதற்கு 2019 செப்டம்பர் 1 முதல் கடுமையான கட்டுப்பாடு உண்டு. மறுசோதனைக்கு (அதே படிவத்தைச் சில நாள் கழித்து மீண்டும் நிரப்ப வைப்பதற்கு) இரு படிவங்களை இணைக்க வேண்டுமென்றால், அம்மா பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி எண், கைப்பேசி எண்ணின் கடைசி இரு இலக்கங்கள் என்று அவர்களே உருவாக்கும் குறியீடு போதும்.

சிறு சமூகத்தில் பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். ‘மூன்றாம் ஆண்டு, ஆண், மதுரையில் பிறந்தவர்’ என்றால் அந்த வகுப்பில் ஒருவர்தான் இருப்பார். தேவையில்லாத பின்னணிக் கேள்விகளை எடுத்துவிடுங்கள்.

கிரான்பாக் ஆல்ஃபா 0.94 வந்திருக்கிறது. சரிபார்ப்பு முடிந்ததா?

இல்லை. கூற்றுகளின் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்தான் ஆல்ஃபா. கூற்றுகளின் எண்ணிக்கை கூடினாலே அது ஏறும். கூற்றுகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.20 என்று வையுங்கள். 5 கூற்று இருந்தால் ஆல்ஃபா 0.56. அதே 0.20-ஐ வைத்து 35 கூற்றுக்குக் கணக்கிட்டால் 0.90. கூற்றுகள் ஒன்றோடொன்று நெருங்கவே இல்லை, ஆனால் எண் பளபளக்கிறது. ஆறு பகுதிகள் கொண்ட அளவுகோலுக்கு ஒட்டுமொத்த ஆல்ஃபா பெரிதாக எதையும் சொல்லாது. பகுதிவாரியாகக் கொடுங்கள், கூடவே ஆல்ஃபாவுக்கு இணையான ஒமேகாவும். குறைந்தது 0.70 வேண்டும். 0.95-க்கு மேல் போனால் ஒரே கேள்வியைச் சொல் மாற்றிக் கேட்டிருக்கிறோமா என்று பாருங்கள். தமிழாக்கத்தில் அப்படி நேர்வது எளிது: மூலத்தில் வேறுபட்ட இரு சொற்கள் தமிழில் ஒரே ‘மதிப்பீடு’ ஆகிவிட்டிருக்கும்.

ஆல்ஃபா நம்பகத்தன்மையின் ஒரு முகம் மட்டுமே. தவறான பொருளை எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டாலும் அது உயர்ந்தே நிற்கும்.

முதலில் ஆய்வுநிலைக் காரணிப் பகுப்பாய்வா, உறுதிநிலையா?

கூற்றுகள் எப்படிச் சேர்கின்றன என்று தேடுவது ஆய்வுநிலை. ஏற்கெனவே உள்ள அமைப்பு பொருந்துகிறதா என்று சோதிப்பது உறுதிநிலை. மூலத்துக்கு ஆறு பகுதி என்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அது தமிழிலும் நிற்கிறதா என்பதே கேள்வி. எனவே உறுதிநிலைப் பகுப்பாய்விலிருந்தே தொடங்குங்கள். ஆர் மென்பொருளின் லாவான் தொகுப்போ இலவசமான ஜாஸ்ப்போ போதும். அமைப்பு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் குறியீடுகளுக்கு வழக்கமான வரம்புகள்: சிஎஃப்ஐ 0.95 அளவிலோ மேலோ, ஆர்எம்எஸ்ஈஏ 0.06 அளவிலோ கீழோ, எஸ்ஆர்எம்ஆர் 0.08 அளவிலோ கீழோ. பதில்கள் சில புள்ளிகளில் மட்டும் குவிந்திருந்தால் வரிசைத் தரவுக்கான மதிப்பீட்டு முறையை எடுங்கள். அந்த முறையில் இந்த வரம்புகளை இரும்பு விதியாகக் கொள்ளாதீர்கள், அவை வேறு முறைக்காகக் கணிக்கப்பட்டவை.

பொருத்தம் வரவில்லை என்றால் மென்பொருள் காட்டும் திருத்தக் குறியீடுகளைப் பார்த்துப் பிழைகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே போகும் பழக்கம் இருக்கிறது. பத்து இணைப்புக்குப் பிறகு எந்த மாதிரியும் பொருந்தும், எந்தப் பொருளும் மிஞ்சாது. இணைக்கும் முன் அந்த இரு கூற்றுகளின் தமிழைப் படியுங்கள். அடுத்தடுத்து ஒரே தொடக்கச் சொல்லோடு வருகின்றனவா? அப்படியென்றால் காரணம் மொழிநடையில் இருக்கிறது. அதைச் சொல்லி இணைக்கலாம்.

ஆய்வுநிலைப் பகுப்பாய்வு தேவைப்பட்டால் வேறு மாதிரிக் குழுவில் செய்யுங்கள். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் தானாகத் தரும் முதன்மைக் கூறு முறை, ஐகன் மதிப்பு 1-க்கு மேல் என்ற விதி, பலரும் அவற்றோடு சேர்க்கும் வாரிமேக்ஸ் சுழற்சி ஆகிய மூன்றையும் விட்டுவிடுங்கள். காரணிகளின் எண்ணிக்கைக்கு இணைப் பகுப்பாய்வு (தற்செயல் தரவோடு ஒப்பிடுவது), சுழற்சிக்குக் காரணிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள இடம் தரும் சாய்வு முறை. தொழில்திறனின் பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று எண்ணுவதே தவறு.

மறுசோதனைக்கு எவ்வளவு இடைவெளி?

சுமார் இரண்டு வாரம், குறைந்தது 50 பேர். இடையில் போஸ்டிங் வரக்கூடாது. இரண்டு வாரம் வார்டில் நின்றவரின் திறன் உண்மையிலேயே மாறியிருக்கும், மாற்றத்தை அளவுகோலின் தளர்ச்சி என்று எண்ணிவிடுவீர்கள். கோட்பாட்டு வகுப்பு நடக்கும் வாரங்களைத் தேர்ந்தெடுங்கள்.

இருமுறை கிடைத்த மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் உள்ளொட்டுறவுக் கெழுவோடு நிறுத்தாமல் அளவைப் பிழையையும் தாருங்கள். நியமவிலக்கம் 12, கெழு 0.84 என்றால் பிழை 12 × √(1−0.84) = 4.8. அதை 2.77-ஆல் பெருக்கினால் 13.3. அதாவது தனி மாணவர் ஒருவரின் மதிப்பெண் 13-க்கு மேல் ஏறினால்தான் முன்னேற்றம் என்று சொல்லலாம். இறுதியாண்டுத் தொடர் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட நினைப்பவருக்கு இந்த எண் ஆல்ஃபாவைவிடப் பயன்படும்.

சுயமதிப்பீடும் ஓஸ்கி (நிலையம் நிலையமாக நடக்கும் செய்முறைத் தேர்வு) மதிப்பெண்ணும் ஒத்துப்போகவில்லை. அளவுகோல் தவறா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2006-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, மருத்துவர்களின் சுயமதிப்பீட்டுக்கும் வெளியிலிருந்து செய்த மதிப்பீட்டுக்கும் உறவு பெரும்பாலும் பலவீனம் என்று காட்டியது. தெரியாதது எவ்வளவு என்று தெரியாதபோது முதலாண்டு மாணவர் தாராளமாகக் குறிப்பார். வார்டைப் பார்த்தபின் இரண்டாம் ஆண்டில் எண் இறங்கவும் கூடும். எந்த அளவு ஒட்டுறவை எதிர்பார்க்கிறீர்கள் என்று தரவு திரட்டும் முன்பே எழுதிவைத்துவிட்டு, பிறகு பாருங்கள். இந்த மதிப்பெண்ணை வைத்து யாரையும் தேர்ச்சி, தோல்வி என்று முடிவு செய்யக்கூடாது என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை.

தமிழில் நிரப்பியவர் சராசரியையும் ஆங்கிலத்தில் நிரப்பியவர் சராசரியையும் ஒப்பிடலாமா?

இரு மொழி வடிவமும் ஒரே விதமாக அளக்கின்றன என்ற அளவை மாறாமையைக் காட்டிய பிறகு ஒப்பிடலாம். அமைப்பு ஒன்றா, காரணிச் சுமைகள் (கூற்று தன் காரணியோடு எவ்வளவு வலுவாக ஒட்டுகிறது என்பது) ஒன்றா, தொடக்கப் புள்ளிகள் (திறன் சமமாக இருக்கும்போது கூற்றுக்கு வரும் எண்) ஒன்றா என்று படிப்படியாகக் கட்டுப்படுத்திக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு படியிலும் சிஎஃப்ஐ 0.01-க்கு மேல் சரியக்கூடாது. மூன்றாம் படி தாண்டாமல் சராசரிகளை ஒப்பிட்டால், மாணவர்களின் வேறுபாட்டைப் பார்க்கிறீர்களா, சொற்களின் வேறுபாட்டையா என்று சொல்ல முடியாது.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு வசதி உண்டு. இருமொழி மாணவர்களில் பாதிப் பேர் முதலில் ஆங்கிலம், ஒரு வாரம் கழித்துத் தமிழ். மறுபாதி முதலில் தமிழ். குறைந்த எண்ணிக்கையிலேயே எந்தக் கூற்று மொழிக்கு மொழி வழுக்குகிறது என்று தெரிந்துவிடும். முன்பு சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்: இவர்கள் தமிழுக்கு அடியில் ஆங்கிலத்தைப் படிப்பவர்கள்.

தரவைச் சுத்தம் செய்யும்போது எதை நீக்குவது?

35 கூற்றுக்கும் ஒரே எண் குறித்தவர்கள், இரண்டு நிமிடத்துக்குள் முடித்தவர்கள். எந்த விதிப்படி நீக்குகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதுங்கள். ஒரு கூற்றில் 15 விழுக்காட்டுக்கு மேல் 7 குறித்திருந்தால் உச்சத்தில் முட்டுகிறது என்று பதிவு செய்யுங்கள், நீக்க வேண்டாம்.

ஒரு கூற்றின் சுமை 0.28 மட்டுமே. எடுத்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். எடுத்துவிட்டால் மற்ற நாட்டு மதிப்பெண்களோடு ஒப்பிடும் வழி அடைபடும், அதற்காகத்தானே புதிதாக எழுதாமல் மொழிபெயர்த்தோம். முதலில் முடிவுக் குறிப்பேட்டைத் திறந்து அந்தக் கூற்றில் எந்தச் சொல்லைப் பற்றி வாதிட்டீர்கள் என்று பாருங்கள். நான்கைந்து மாணவர்களை அழைத்து அதை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். மொழிச் சிக்கல் என்றால் திருத்தி, புதிய மாதிரிக் குழுவில் மீண்டும் சோதிக்க வேண்டும். தமிழ் தெளிவாக இருந்தும் சுமை குறைவு என்றால், அந்த வேலையை இங்குள்ள மாணவர் வார்டில் செய்வதே இல்லையா என்று கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடம் கேளுங்கள். அப்படியும் எடுக்கத்தான் வேண்டும் என்றால் 35 கூற்றின் முடிவையும் 34 கூற்றின் முடிவையும் ஒரே அட்டவணையில் அருகருகே கொடுத்து, மூல உருவாக்குநருக்கும் எழுதித் தெரிவியுங்கள்.